வியாழன் வரை தாங்கும்

செத்துப்போன அப்பாவை வாசலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். அடக்கத்துக்கு லீவு கேட்ட தமயந்தியிடம், ஆலையில் யாருக்கு எப்போது என்ன வேலை என்று அட்டவணை போடும் இயந்திரம் போனில் தன்மையாகத்தான் பேசியது.

“ஆழ்ந்த இரங்கல், மேடம். மூன்றாவது பிரஸ்ஸின் பேரிங் நாளை வரை தாங்காது. நீங்கள்தான் மாற்ற வேண்டும். அப்பாவின் பெட்டி நன்றாகக் குளிர்வதாகத் தகவல் வருகிறது. அவர் வியாழன் வரை தாங்குவார். அடக்கத்தை அன்றைக்கு மாற்றிவிட்டோம். உறவினர்களுக்கும் சொல்லியாயிற்று.”

மேளம் நின்றுபோயிருந்தது. வந்த சனம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“எங்கப்பா என்ன உன் ஸ்பேர் பார்ட்டாடா?” என்று கத்திக்கொண்டே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

“இப்பப் போடு உன் அட்டவணைய. எது தாங்காதுன்னு சொல்லு!”