யார் ஜாடை?

"என் மூக்கு மட்டும் வந்துடக் கூடாது டாக்டர். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

ஆனந்தன் சொன்னதைக் கேட்டு டாக்டர் கண்ணகி சிரித்துவிட்டார். ஸ்கேன் கட்டிலில் படுத்திருந்த விஜயகுமாரி சிரிக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, இப்போதுதான் ஆறாம் மாதம்.

கூட வந்திருந்த ஆனந்தனின் அக்கா வசுமதிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாடா உன் மூக்குக்குக் கொறச்சல்? நம்ம நைனா மூக்குடா அது!"

"அதாங்க்கா பயம். நைனா கொறட்ட வுட்டா தெருவே முழிச்சுக்கும். இப்ப நான் வுடறேன். மறைமலைநகர் போற கம்பெனி பஸ்ஸுல என் பக்கத்து சீட்டுல எவனும் குந்த மாட்டேங்கறான்."

"கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் விஜயகுமாரி.

அவன் விடவில்லை. "முப்பத்தெட்டு வயசுதான் டாக்டர். மண்டையைப் பாருங்க, ஏர்போர்ட்டு ரன்வே மாதிரி கீது. பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சை மூணு தபா எழுதினேன். இதெல்லாமும் பரம்பரையா வருமா?"

"கொஞ்சம் வரும், கொஞ்சம் வராது. அப்பாகிட்டேருந்து பாதி, அம்மாகிட்டேருந்து பாதி. எது யாருதுன்னு பொறந்தப்புறம்தான் தெரியும்."

விஜயகுமாரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த அப்பா பாதிதான் பேஜாரு" என்றான் ஆனந்தன்.

டாக்டர் திரையைக் காட்டினார். "இதோ முதுகெலும்பு. இது இதயம், நல்லாத் துடிக்குது. கை விரலை வாய்கிட்ட கொண்டுபோகுது பாருங்க. இப்ப காதுகூட கேக்க ஆரம்பிச்சிருக்கும். நீங்க பேசறது உள்ளே போகும்."

ஆனந்தன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். பிறகு வயிற்றருகே குனிந்து, "கண்ணு, அப்பா பேசறேன். உங்கம்மாவப் பார்த்து காப்பி அடிச்சுக்க. என் பேப்பரைப் பார்த்தே, பெயிலாயிடுவே" என்றான்.

வசுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ சொல்றதப் பாத்தா, உன்ன மாதிரி இல்லாம பொறந்தா மாரியாத்தாவுக்குப் பொங்கலே வெக்கணும் போல கீதே!"

"வெச்சுடுக்கா. பானை நான் வாங்கித் தரேன்."

ரிப்போர்ட் வாங்க வசுமதி கவுன்டருக்குப் போனாள். வெளியே பெஞ்சில் கணவனும் மனைவியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். விஜயகுமாரியின் கண்கள் கலங்கியிருந்தன.

"எதுக்கு இப்படி உங்களையே மட்டம் தட்டிக்கறீங்க? என்னால கேக்க முடியலைங்க."

"இப்பவே சொல்லி வெச்சாத்தான் நல்லது குமாரி. நாளைக்குக் கொழந்த என் ஜாடையில இல்லைன்னா, அக்கா சந்தோஷந்தான் படும். கேள்வி கேக்காது."

அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த உயிரணுவில் உண்டான குழந்தை அது என்பதும், அதற்கான படிவத்தில் ஆனந்தன்தான் முதலில் கையெழுத்துப் போட்டான் என்பதும் குடும்பத்தில் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.