அந்த மூன்று ஓம்

மூன்றாவது ‘ஓம்’ வந்ததும் குலசேகரம் ரேடியோவைப் பட்டென்று நிறுத்தினான்.

மேடைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்த எமில்டா நிமிர்ந்து பார்த்தாள். பாடியவள் அவள்தான். தன் பாட்டு எப்போது ஒலித்தாலும் புருசன் முகம் இறுகிப்போவது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சட்டையின் மேல் குனிந்துகொண்டாள்.

நாளைக் காலை அவள் வாத்தியக்காரர்களோடு மான்செஸ்டருக்குப் புறப்படுகிறாள். ஆறு வாரம், பதினான்கு ஊர். அவர்கள் போகும் வேனில் டெஸ்மண்டும் இருப்பான்.

டெஸ்மண்ட் சாக்ஸபோன் வாசிப்பவன். பாட்டுக்கு மெட்டுப் போட்டவனும் அவனே. அவள் தொண்டைக்கென்று தேன் போத்தல் வாங்கி வருவான். எட்டு வருசத் தாம்பத்தியத்தில் குலசேகரமே சுருக்காத பெயரைச் சுருக்கி, ‘எமி’ என்று கூப்பிடுவான்.

எண்பத்தொன்பதில் சோல் பாட்டுக்காரி எமில்டாவை லண்டன் முழுக்கத் தெரியும் என்று சொன்னால் அது கொஞ்சம் கூடுதல். டூட்டிங் முழுக்கத் தெரியும்.

யாழ்ப்பாணத்துக் குருநகர் மாதா கோயிலில் பூசைப் பாட்டுப் பாடியவள். லண்டனுக்கு வந்து ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கைவிரிப்பு மடித்தபோது, பக்கத்தில் நின்ற ஜமேக்காக்காரி அவள் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டுத் தன் சபைக்கு இழுத்துப் போனாள். அங்கே தொடங்கியது சோல் என்கிற கறுப்பின மக்களின் உருக்கப் பாட்டு. பிறகு பப்புகளில் பாடினாள். அதற்கும் பிறகு மற்றவர்களின் இசைத்தட்டுகளில் பின்குரல். ஏழு வருசம் கழித்துத்தான் சொந்தமாக இந்த ஒரு பாட்டு.

பாட்டு முழுக்க இங்கிலீஷ். கடைசியில் மட்டும் வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். அவள் குரல் தனியாகச் சொல்லும்: ஓம்... ஓம்... ஓம்...

வெள்ளைக்காரப் பத்திரிகை ஒன்று, அது கிழக்கு நாட்டு மந்திரம் என்று எழுதியது. கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணுக்குப் பிரணவ மந்திரமா என்று குலசேகரம் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அடுத்த வாரம் அந்தச் சிரிப்புக்கு ஆபத்து வந்தது. அவன் வேலை செய்யும் அப்டன் பார்க் மரக்கறிக் கடையில், முதலாளி ஸ்ரீஸ்கந்தராஜா கத்தரிக்காய்ப் பெட்டியை இறக்கியபடியே கேட்டார்:

“டேய் குலம், உன்ரை மனுசி அதிலை ஆருக்கடா ஓமெண்டுறா?”

கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

‘ஆமாம்’ என்பதற்குச் சொல்லும் யாழ்ப்பாணத்து ஓம் அது. ஒருவர் கேட்க, மற்றவர் சொல்கிற ஓம். அப்படியென்றால் கேட்டவன் ஒருவன் இருக்கவேண்டும்.

வீட்டில் சோதித்துப் பார்த்தான்.

“தேத்தண்ணி போடட்டோ?”

“ஓம்.”

“மழை விட்டிட்டுதோ?”

“ஓம்.”

ஒன்று வேலைக் களைப்பின் ஓம். மற்றது வெங்காயம் நறுக்குகிற ஓம். பாட்டில் இருந்ததோ, மடியில் கிடக்கும் ஒருவனின் தலையைத் தடவிவிடுவது போன்ற ஓம். அப்படி ஒன்று தனக்குக் கிடைத்ததாக அவனுக்கு நினைவில்லை.

இப்போது கேட்காமல் விட்டால் நாளைக்கு அவளை அனுப்ப முடியாது. அனுப்பினாலும், அவள் திரும்பி வரும்போது தான் இந்த வீட்டில் இருக்க முடியாது.

“அந்த ஓம் ஆருக்கு? உண்மையைச் சொல்லும். டெஸ்மண்டுக்கோ?”

அவள் அயனை நிமிர்த்தி வைத்தாள். சீறுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ களவு பிடிபட்டவள் போலத் தலைகுனிந்து நின்றாள்.

“வெட்டிவிடச் சொன்னனான்,” என்றாள். “டெஸ்மண்ட்தான் இந்த மூண்டும் கிடக்கட்டும் எண்டு கெஞ்சினவன். ரெக்கோர்டிங் நடக்கேக்கை எனக்குப் போன் வந்தது. போன் அந்த அறைக்குள்ளைதான். மைக்கை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை; நான் போனிலை சொன்ன ஓமெல்லாம் பதிஞ்சுபோச்சு. நான் கதைச்சு முடியுமட்டும் எல்லாரும் அசையாமல் நிண்டவை. அரை மணித்தியாலம்.”

“போனிலை ஆர்?”

“நீங்கள்.”

அவனுக்கு விளங்கவில்லை.

“போன வருசம். உங்கடை தம்பியின்ரை செய்தி வந்த அண்டைக்கு.”

கடையின் பின்னறை அவன் கண்முன் வந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று அவளுக்குப் போன் எடுத்தது நினைவிருந்தது. பேசியது நினைவில்லை. கூடப்பிறந்தவன் செத்ததற்கும் கண் கலங்காத கல்நெஞ்சன் என்று ஹரோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பெயரை அவனும் மறுத்ததில்லை.

“நீர் அப்பிடி ஓம் ஓம் எண்டு சொல்ல,” என்று தொடங்கினான் அவன், “நான் என்ன கேட்டனான்?”

எமில்டா கிட்ட வந்து, மடிந்திருந்த அவன் கொலரை நீவிவிட்டாள்.

“நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையப்பா. அழுதுகொண்டிருந்தனீங்கள்.”