கேட்டுக்கு வெளியே

செலஸ்டினாவின் செயற்கைக் கண்கள் வீட்டு வைஃபை எட்டும் இடம்வரைதான் பார்க்கும். கேட்டைத் தாண்டினால் இருட்டு. தெருவும் தெரியட்டும் என்று, சிக்னலை நீட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றை அவளே கேட்டு வரவழைத்தாள்.

"கேட் தூண்ல மாட்டுனா பஸ் ஸ்டாப் வரைக்கும் கிடைக்கும் சார்," என்றார் மாட்ட வந்தவர்.

"வெளிய இவளுக்கு என்ன வேலை? அடுப்படியில மாட்டுங்க. நேத்து சோத்துல கல்லு," என்றான் அவள் கணவன் அமல்ராஜ்.

அடுப்படிச் சுவரில் ஆணி இறங்கியது. செலஸ்டினா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கேட்டைத் தாண்டியதும் கண் இருண்டது. மதிலைக் கையால் தடவியபடி நடந்தாள்.

"கண்ணு தெரியாம எங்கடி போற? விழுந்து சாவப் போற!" அமல்ராஜ் கேட்டில் நின்று கத்தினான்.

மதில் முடிந்த பிறகு திசை சொல்ல அவளுக்கு அந்தக் கத்தல் மட்டுமே இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் நேராக நடந்தாள்.