ஒரு சொட்டும் சிந்தாமல்

மலையுச்சியில் ஆராய்ச்சியாளர்கள் துளைபோட்டு எடுத்த பனிக்கட்டி இருந்த பெட்டியை யாக் மாடு சுமந்து இறங்கியது. பனிக்கட்டிக்குள் ஆயிரமாண்டுப் பழைய காற்று குமிழ் குமிழாக இருந்தது. உருகினால் அத்தனையும் போச்சு.

“வெயில் ஏறுது தம்பி, அழுகையா வருது,” என்றது பனிக்கட்டி.

“அழுதா கரைஞ்சிடுவீங்க தாத்தா. பேசாம வாங்க.”

வழி பிரிந்தது. வெயில் பக்கம், யாக் ஒவ்வொரு முறையும் நின்று நக்கும் உப்புப்பாறை இருந்தது. அதற்கு நாக்கில் நீர் ஊறியது. ஆனாலும் பெருமூச்சு விட்டு, நிழல் பக்கம் திரும்பியது.

அடிவார முகாமில் காத்திருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் பெட்டியைத் திறந்து தடவிப் பார்த்தார்.

“துளி ஈரம்கூட இல்லை!” என்று கூவினார்.

யாக் வாலைத் தூக்கிக்கொண்டு முகாமைச் சுற்றி ஓடியது.

“சந்தோஷத்துல அழுகையா வருது தம்பி!”

“அதுவும் கூடாது தாத்தா!”