கடைசி பெஞ்சு தாமதமாகச் சிரித்தது

"மூணாவது வருஷம்னா விளையாட்டு இல்லடி. இதுவரைக்கும் நீ பெஞ்சுல உட்கார்ந்து வாத்தியாரைக் கிண்டல் பண்ணினே. இனிமே உன்னைப் பண்ணுவாங்க. பயிற்சி வகுப்புல முதல் நாளே பிள்ளைங்க உன்னைப் பிச்சு எடுத்துடும்."

இதே ஆசிரியர் படிப்பை முடித்த அக்கா போனில் இப்படித்தான் பயமுறுத்தியிருந்தாள். அவள் பயிற்சி வகுப்பில் கோட்டைவிட்டு, அந்த வருஷத்தையே திரும்பப் படித்த புண்ணியவதி.

ஆனால் இங்கே யாரும் பிச்சு எடுக்கவில்லை. தங்கைக்கு அதுதான் உறுத்தியது.

பயிற்சிக்காக அவளுக்குக் கொடுத்தது ஐந்தாம் வகுப்பு. அவள் உள்ளே நுழைந்ததும் ஒரு பிள்ளை எழுந்து ஃபேனை நிறுத்தியது. இன்னொன்று ஜன்னல்களைச் சாத்தியது. எல்லாருடைய ஷூக்களும் வாசலுக்கு வெளியே கழற்றி விடப்பட்டிருந்தன.

"உங்களுக்கெல்லாம் வேர்க்காதா?"

"வேர்க்காது மிஸ்" என்றது முதல் பெஞ்சு, ஒரே குரலில்.

பக்கத்து வகுப்பு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு இருமல்கூட இல்லை.

கடைசி பெஞ்சு ஓரத்தில் வகுப்பு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் 'இரும்பு'. அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பது பியூனின் கருத்து. அவர் அவளைப் பார்க்கவேயில்லை. பிள்ளைகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவளையைப் பற்றிப் பாடம். அவள் பேசப் பேச, முதல் பெஞ்சின் உதடுகள் லேசாக அசைந்தன. பிறகு இரண்டாவது பெஞ்சின் உதடுகள். பிறகு மூன்றாவது. சத்தமே இல்லை. போர்டு பக்கம் திரும்பினால் மட்டும் முதுகுக்குப் பின்னால் 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். சட்டென்று திரும்பினால் எல்லா வாயும் மூடியிருக்கும்.

கலகலப்பாக்கலாம் என்று தவளை மாதிரி கத்திக் காட்டினாள்.

முதல் பெஞ்சு சிரித்தது. அப்புறம் அதற்குப் பின்னால். அப்புறம் அதற்கும் பின்னால். அவள் சாக்பீஸை எடுத்துப் படம் வரையத் தொடங்கிய பிறகு கடைசி பெஞ்சு சிரித்தது.

அவள் தவளைக்கு ஐந்தாவது கால் வரைந்துவிட்டாள்.

இடைவேளையில் முதல் பெஞ்சு ரெட்டை ஜடைக்காரியைத் தனியாகப் பிடித்தாள்.

"டீச்சர் அடிப்பாங்களாம்மா?"

"இல்ல மிஸ்."

"பின்ன ஏன் எல்லாரும் இப்படி இருக்கீங்க?"

ஜடை முதலில் வாசலைப் பார்த்தது. "சொல்ல மாட்டோம்னு டீச்சர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கோம் மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனது.

அன்று சாயங்காலம் அக்கா போனில் கொதித்தாள். "பச்சைப் பிள்ளைங்களை என்ன பாடு படுத்தியிருந்தா அப்படி உறைஞ்சு போயிருக்கும்! நீ கட்டாயம் புகார் குடுக்கணும்."

"இப்பவேவா?"

"பைத்தியமா உனக்கு? பாஸ் பண்ணிட்டுக் குடு."

அக்கா விவரமானவள்.

தேர்வு நாள் வந்தது. கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் நேராகக் கடைசி பெஞ்சுக்கு நடந்தார். இரும்பு குறுக்கே வந்து நின்றார்.

"அந்த பெஞ்சு ஆடும் சார். விழுந்துடுவீங்க. முன்னாடி உட்காருங்க."

நாற்காலியைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேராகப் போட்டார். தேர்வாளரின் மூச்சு அவள் மேல் படாத குறை. நடுங்கி உளறட்டும் என்றுதானே இப்படி? கல்நெஞ்சம் என்று அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

ஃபேன் நின்றது. ஜன்னல்கள் மூடிக்கொண்டன. தேர்வாளரின் முதுகுக்குப் பின்னால் உதடுகள் வரிசை வரிசையாக அசைந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே பாடத்தை முடித்தாள்.

வராந்தாவில் தேர்வாளர் கையைக் குலுக்கினார். "பாஸ். இவ்வளவு அமைதியான வகுப்பை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைம்மா."

"அது அமைதி இல்ல சார். பயம்." இத்தனை நாள் அடக்கி வைத்ததை அவள் கொட்டித் தீர்த்தாள். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பியூன் வந்தான். "டீச்சர், பெரிய டீச்சர் உங்களை உடனே வரச் சொன்னாங்க."

இரும்பு எழுந்தார். அவளைத் தாண்டும்போது நின்று, "பாஸாமே? சந்தோஷம்மா" என்றார். சிரித்தார்கூட. அந்தச் சிரிப்பு அவளுக்கு என்னவோ செய்தது.

இருந்தாலும் நல்ல காரியம்தானே செய்திருக்கிறோம்? வகுப்பைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"பிள்ளைங்களா, இனிமே நீங்க யாருக்கும் பயப்பட வேண்டாம்."

முதல் பெஞ்சின் உதடுகள் அசைந்தன. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"ஐயோ, போதும்! என்னதான் பண்றீங்க எல்லாரும்?"

ஜடை எழுந்து நின்றது. "இனிமே சொல்லலாம்ல மிஸ்? அதான் பாஸாயிட்டீங்களே. உங்க குரல் முதல் பெஞ்சோட நின்னுடுது மிஸ். பின்னாடி இருக்கறவங்களுக்கு ஒரு நாளும் கேட்டதே இல்ல. அதான் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கேட்டவங்க கேட்காதவங்களுக்கு மெதுவா சொல்லி அனுப்பினோம்."

அவள் ஜடையின் பெஞ்சருகே வந்தாள். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா பயந்து இருக்கற குரலும் போயிடுமாம். எங்க டீச்சருக்கும் படிக்கறப்ப அப்படித்தான் ஆச்சாம் மிஸ். கொஞ்ச நாள் போனா குரல் தானா வந்துடுமாம், அதுவரைக்கும் நாமதான் பார்த்துக்கணும்னு சத்தியம் வாங்கினாங்க."

ஜடை வாசலை எட்டிப் பார்த்தது.

"பெரிய டீச்சர் எதுக்கு மிஸ் எங்க டீச்சரைக் கூப்பிட்டாங்க? பாராட்டத்தானே?"