விருந்தாளி எழக்கூடாது

"பெரிய மீனு உங்களுக்குத்தான். வேணாம்னு சொல்லப்படாது" என்று விருந்தாளியின் தட்டில் மீனை வைத்தார் ஷாஸ்லி. நண்பன் பயூமியின் மைத்துனர், கெய்ரோவிலிருந்து வந்திருக்கிறார். அவரை அரை வயிறோடு அனுப்பினால் ஹுர்கதா ஊருக்கே அவமானம் இல்லையா?

மனிதர் ரொம்பக் கூச்ச சுபாவி. காலையில் தீவுக்குப் போக வாடகைக்கு எடுத்த படகில் ஏறியதுமே, "நான் கொஞ்சம் கீழ போய்…" என்று இழுத்தார். ஷாஸ்லி அவர் கையைப் பிடித்து மெத்தையில் உட்கார வைத்துவிட்டார்.

"கீழ என்ன இருக்கு, ஒரே புழுக்கம். காத்து இங்கதான் வரும். ரயிஸ் மப்ரூக், எல்லாரும் வந்தாச்சு, எடுங்க படக" என்று படகோட்டி மப்ரூக்குக்கும் குரல் கொடுத்தார்.

விருந்தாளியைப் பார்த்து நீ யார், என்ன தொழில் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஷாஸ்லி சொல்ல விட்டால்தானே.

உண்மையில் ஷாஸ்லி அன்று கடலுக்கே வந்திருக்கக் கூடாது. சூரியன் மறைந்து மகரிப் தொழுகை முடிந்ததும் அவருடைய ஒரே மகள் நஜ்லாவுக்கு நிச்சயம். கெனாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் அப்பாவோடு உட்கார்ந்து, நிச்சயத்தை உறுதி செய்கிற ஃபாத்திஹா ஓத வேண்டும்.

"நாலு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன்" என்று அவர் செருப்பை மாட்டியபோது மனைவி இன்ஸாஃப் சண்டை போடவில்லை. "வராட்டி என்ன, உங்க தம்பி ஓதிட்டுப் போறாரு" என்றாள். அந்தத் தம்பியோடு ஷாஸ்லிக்கு மூன்று வருடமாகப் பேச்சில்லை. மகள் பிறந்த நாளிலிருந்து அவர் காத்திருந்த ஃபாத்திஹா அது. தம்பியின் வாயால் ஓதப்படுவதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு எரிந்தது.

தீவில் குளியல் முடிந்து திரும்பும்போது என்ஜின் இரண்டு தடவை இருமியது. இருமும்போதெல்லாம் விருந்தாளி மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கடல் பழக்கமில்ல போல. பாவம், பயப்படுறாரு" என்று இன்னொரு நண்பன் தஸூகியின் காதில் சொன்னார் ஷாஸ்லி.

இரண்டரை மணிக்கு என்ஜின் நின்றேவிட்டது. நாலாபுறமும் தண்ணீர்.

"என்ஜின் சரியில்லன்னு நேத்தே படகு முதலாளிகிட்ட சொன்னேன். பாத்துக்கலாம்னாரு. அவரு எங்க பாத்தாரு" என்று முனகிக்கொண்டே மப்ரூக் கீழே இறங்கினான்.

விருந்தாளி பாதி எழுந்துவிட்டார். "நான் வேணா அந்த என்ஜின ஒரு பார்வை…"

ஷாஸ்லி பதறிப்போய் அவர் தோளை அழுத்தினார். "எங்க விருந்தாளி எண்ணெயில கை வைக்கிறதா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்? கேட்டுக்குங்க, கரை சேர்ற வரைக்கும் நீங்க இந்த மெத்தைய விட்டு எழுந்தாலோ, என்ஜினப் பத்தி ஒரு வார்த்தை பேசினாலோ, என் பொண்டாட்டிக்குத் தலாக்."

இந்தச் சத்தியம் எங்கள் ஆண்களுக்கு நுனி நாக்கில் இருக்கும். டீக்குச் சர்க்கரை போடச் சொல்லிக்கூட இப்படிச் சத்தியம் செய்வார்கள். வீட்டில் அடுப்படியில் நிற்கிற மனைவிக்கு விஷயமே தெரியாது. ஆனால் கேட்கிறவன் அல்லாவுக்குப் பயந்தவனாக இருந்தால், அசைந்து ஒரு கல்யாணத்தை முறிக்க முடியுமா?

விருந்தாளி பொத்தென்று உட்கார்ந்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

மப்ரூக் சுத்தியலால் தட்டினான், குழாயை ஊதினான், தஸூகி டார்ச் பிடித்தான். மூன்றரை ஆயிற்று, நாலரை ஆயிற்று. ஷாஸ்லி சூரியனைப் பார்ப்பதும் கைபேசியைப் பார்ப்பதுமாக இருந்தார். அதில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

மூன்று தடவை விருந்தாளிக்கு டீ கொடுத்தார். ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் அந்த மனிதர் பல்வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"தலை சுத்துதா?" என்று பயூமி கேட்டான். இல்லை என்று தலையாட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

கடைசியில் வெள்ளைக்காரர்களை ஏற்றி வந்த ஒரு படகு கயிறு போட்டு இழுத்துப் போனது. துறைமுகத்தை நெருங்கும்போதே பள்ளிவாசல்களில் மகரிப் பாங்கு கேட்டது. எல்லோரும் இறங்கிக் கயிறு கட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஷாஸ்லியின் கைபேசிக்கு உயிர் வந்தது.

"ஓதியாச்சு" என்றாள் இன்ஸாஃப். "உங்க தம்பிதான் ஓதினாரு. நஜ்லா வாசலையே பாத்துக்கிட்டு நின்னா."

ஷாஸ்லி துறைமுகப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். ஐம்பத்தாறு வயது மனிதர் அழுவதைப் பார்க்கச் சங்கடப்பட்டு தஸூகி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனாலும் பழக்கம் விடுமா? மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பயூமி, போனது போகட்டும். உன் மச்சான சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றார்.

"என் மச்சானா? அவன் காய்ச்சல்னு காலையிலயே போன் பண்ணிட்டானே" என்றான் பயூமி. "நீங்க விழுந்து விழுந்து கவனிச்சதப் பாத்து, இவரு உங்க சம்பந்தி வீட்டு ஆளுன்னுல்ல நெனச்சேன்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விருந்தாளி இரண்டு காலையும் சிமெண்டுத் தரையில் அழுத்தி ஊன்றி, கரைதான் என்று உறுதி செய்துகொண்டார்.

"இப்ப நான் பேசலாமா? உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

ஷாஸ்லி தலையாட்டினார்.

"முதலாளி அனுப்பின என்ஜின் மெக்கானிக் நான். பத்து நிமிஷ வேலைங்க அது."