குதிகாலில் நின்ற சாக்ஸ்

ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கையில் கண்ணிகள். ஆனாலும் ஒரு சாக்ஸ் மகளின் காலில் வழுக்கிக்கொண்டு ஏறியது. மற்றது குதிகாலோடு நின்றுவிட்டது.

"எனக்கு ரெண்டு காலும் ஒரே சைஸ்தாம்மா," என்று மகள் சிரித்தாள்.

சாக்ஸைப் பின்னிய அம்மா டீச்சர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் அடுத்த வாரம் குளிரான ஓர் ஊருக்குப் படிக்கப் போகிறாள். போகிற பெண் அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு ஜோடி கம்பளி சாக்ஸைத்தான்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். காரணமில்லாமல் ஒரு நூல்கூட இறுகாது என்று அவளுக்குத் தெரியும். ஊசியை அளந்தாள். கண்ணிகளை எண்ணினாள். இரண்டு சாக்ஸும் தண்ணீரில் நனையவில்லை, அதனால் சுருங்கவும் வழியில்லை.

மாறியது ஒன்றுதான். ஒரு சாக்ஸை வீட்டில் பின்னினாள். மற்றதைச் சனிக்கிழமை கைவேலைக் குழுவில்.

ஆக, குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

நூலகத்து மாடியறையில் கூடுகிற அந்தக் குழுவை அவள் மதித்ததே இல்லை. ஆனால் ஒரு வாரமும் தவறாமல் போவாள். வந்து மகளிடம் வாய் வலிக்க ஏளனம் செய்வாள்.

யார் எதை முடித்தாலும் எல்லோரும் கைதட்ட வேண்டும், குறை சொல்லவே கூடாது என்பது அங்கே சட்டம். அதன் பலனை மேசையிலேயே பார்க்கலாம்.

பேக்கரிக்காரியின் மஃப்ளர் நான்கு விரல் அகலத்தில் தொடங்கித் துண்டு அகலத்தில் முடியும். ஓரத்தில் திரும்பும்போதெல்லாம் ஒரு கண்ணி கூடிவிடுகிறது. அது அவளுக்குத் தெரியாது, சொல்லவும் ஆளில்லை. அவள் செய்த ஆந்தைக்கு ஒரு கண் கூரையைப் பார்க்கும், மற்றொன்று வாசலைப் பார்க்கும். நர்ஸ் அக்கா பின்னிய பைக்குள் செல்போன் போகும். வெளியே வராது. மணி அடித்தால் பையையே காதில் வைத்துக்கொண்டு பேசுவாள்.

இன்று டீச்சர் இரண்டு சாக்ஸையும் மேசை நடுவில் போட்டாள்.

"உங்க அரட்டையைக் கேட்டுக்கிட்டே பின்னினா இப்படித்தான் ஆகும். லட்சணத்தைப் பாருங்க!"

பேக்கரிக்காரி பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டாள்.

டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மக்கு வகுப்புக்குப் பாடம் எடுப்பதுபோல் விளக்கினாள். சாக்ஸ் என்பது வரிசை வரிசையாகக் கோத்த கண்ணிகள். விரல் நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ, கண்ணி அவ்வளவு சிறியதாகும். ஒரு கண்ணியில் மயிரிழைதான் குறையும். ஆனால் கணுக்காலைச் சுற்றி அத்தனை மயிரிழையையும் கூட்டினால் ஒரு விரல் அகலம் போய்விடும். மஃப்ளர் என்றால் தெரியாது, கழுத்து எதையும் பொறுத்துக்கொள்ளும். குதிகால் பொறுக்காது. இங்கே இருக்கிற சத்தத்தில் கை இறுகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நர்ஸ் அக்கா ஒரு சாக்ஸை எடுத்து உள்பக்கமாகத் திருப்பினாள்.

எல்லோருடைய நூலும் மேசையில் கலந்து கிடக்கும் என்பதால், இங்கே தொடங்குகிற எதற்கும் முதல் வரிசையில் சிவப்பு நூல் ஒன்றை முடிந்துவைப்பது குழுவின் வழக்கம்.

முடிச்சு இருந்தது. காலில் ஏறிய சாக்ஸில்.

டீச்சர் மற்றதைப் பிடுங்கித் திருப்பினாள். முடிச்சு இல்லை. மறுபடி பார்த்தாள். இல்லை.

வீட்டில் பின்னிய அந்தச் சாக்ஸுக்குள் கையை விட்டு விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அது முழுக்க இறுகியிருக்கவில்லை. பட்டை பட்டையாக இருந்தது. கொஞ்ச தூரம் தளர்வு, வெளிச்சம் சல்லடைபோல் வந்தது. அப்புறம் இறுக்கம், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மறுபடி தளர்வு. மறுபடி இறுக்கம்.

தளர்ந்த பட்டை ஒவ்வொன்றும், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஊசியை எடுத்த மாலை.

இறுகத் தொடங்கிய இடம், கணவனின் வண்டி வாசலில் வந்து நின்ற நேரம். ஹெல்மெட்டை அவன் மேசையில் வைக்கிற சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மிச்ச வரிசைகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னுவாள். அப்படியான நேரத்தில் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

அடுத்த வாரத்திலிருந்து மகளும் இருக்க மாட்டாள்.

நர்ஸ் அக்காவும் அதே வெளிச்சத்தில் அந்தச் சாக்ஸை வெகுநேரம் பார்த்தாள். இறுகிய பட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். பிறகு தன் ஊசியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. பொண்ணையும் கூட்டிட்டு வந்துடு. நிம்மதியா பின்னலாம்."

டீச்சர் சாக்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"நீங்க பின்னின பை மாதிரி இருக்காதே? உள்ள போனா வெளிய வர முடியுமாக்கா?"

"சாவி உன்கிட்டதான்டி இருக்கும்."

டீச்சர் இறுகிய சாக்ஸின் நுனி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, நூலை இழுத்தாள். வரிசை வரிசையாக அது பிரிந்து மடியில் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை.

செய்ய வேண்டியது எளிதுதான். அதே நூலை, அதே ஊசியில், அதே எண்ணிக்கையில், வேறு வீட்டில் உட்கார்ந்து பின்ன வேண்டும்.